கோடு கிழித்த ஊர்

நம் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரிய வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பி.காம்., பி.எஸ்.சி. படிக்கும் ஏழெட்டுப் பேர், ஒரு கரும்பலகை, நடுவில் ஒரு காபி. அவ்வளவுதான். எண்களைக் கொட்டி வைத்துக்கொண்டு அவை என்ன சொல்கின்றன என்று பார்ப்பதில் தொடங்குவோம். பிறகு சராசரி, பரவல், ஒட்டுறவு, தொடர்புப் போக்கு என்று போவோம். கடைசியில், கொஞ்சம் பேரைக் கேட்டுவிட்டு ஊர் முழுவதையும் பற்றிப் பேச நமக்கு என்ன உரிமை என்ற கேள்வியில் வந்து நிற்போம்.

சென்ற வருஷம் ஒரு பெண் கேட்டாள்: "மாமா, கணக்கெல்லாம் வருது. ஆனா இதை வச்சு யாராவது உருப்படியா ஏதாவது பண்ணியிருக்காங்களா?"

"பண்ணியிருக்காங்கம்மா. நீ தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற இடத்திலேயே பண்ணியிருக்காங்க" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்காகச் சேர்த்து வைத்த குறிப்புகள்தாம் இந்தக் கட்டுரை.

டெக்கான் ஜிம்கானா பக்கம் போகிறவர்களுக்கு ஃபெர்குசன் கல்லூரியைத் தெரியும். அதிலிருந்து நடக்கும் தூரத்தில், பி.எம்.சி.சி. சாலையில், கோகலே அரசியல்-பொருளியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கோபால கிருஷ்ண கோகலே 1905-ல் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தின் ஆதரவில், 1930-ல் ஏற்பட்ட நிறுவனம் அது. கல்லூரி ஒருவரைத் தந்தது; நிறுவனம் இன்னொருவரைத் தந்தது. கல்லூரி தந்தவர் பாண்டுரங்க வாசுதேவ் சுகாத்மே. நிறுவனம் தந்தவர் வி. எம். தாண்டேகர். இந்த நாட்டில் ஏழை யார், பசித்தவர் யார் என்பதற்கு எண்ணால் கோடு கிழித்த ஊர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது புனேதான். கிழித்த கோடு சரியா என்று பெரிய சண்டை போட்டதும் இதே ஊர்தான்.

கன்னி மூலையிலிருந்து

சுகாத்மே 1911-ல் சாத்தாரா மாவட்டத்துப் புத் என்ற கிராமத்தில் பிறந்தவர். ஃபெர்குசனில் பட்டம் பெற்றுவிட்டு 1933-ல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்குப் போனார். புள்ளியியலுக்கு அது பொற்காலம். ஃபிஷர், நெய்மன், ஈகான் பியர்சன் ஆகிய மூவரும் அப்போது அந்த ஒரே கல்லூரியில் இருந்தார்கள். அங்கே டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர், 1940-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார்.

1943-ல் வங்காளப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான பேர் மாண்ட அந்தப் பஞ்சத்தின் பின்னணியில் ஒரு கேள்வி நின்றது: நாட்டில் நெல்லும் கோதுமையும் உண்மையில் எவ்வளவு விளைகிறது? அதுவரை கிராமத்துக் கணக்குப்பிள்ளை கண்ணால் பார்த்து, "இந்த வருஷம் ரூபாய்க்குப் பத்தணா விளைச்சல்" என்று எழுதினால் அதுதான் புள்ளிவிவரம். சுகாத்மேயும் அவரோடு உழைத்த வி. ஜி. பான்சேயும் அதற்குப் பதிலாக, குலுக்கல் முறையில் கிராமத்தைப் பொறுக்கி, அதில் வயலைப் பொறுக்கி, வயலுக்குள் ஒரு துண்டைப் பொறுக்கி, அதை அறுத்து நிறுத்துப் பார்க்கும் முறையை நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள்.

எந்தத் துண்டை அறுப்பது என்பதைக் கணக்கெடுப்பவர் இஷ்டத்துக்கு விடக்கூடாது. விட்டால் கண் தானாகவே செழிப்பான இடத்துக்குப் போகும். அதனால் வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, எண் அட்டவணை சொல்கிறபடி இத்தனை அடி நீளவாக்கில், இத்தனை அடி அகலவாக்கில் நடந்து துண்டைக் குறிக்க வேண்டும். தென்மேற்கு என்றால் நம் பாஷையில் கன்னி மூலை. வாஸ்து பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்!

எவ்வளவு பெரிய துண்டு என்பதிலும் சூட்சுமம் உண்டு. கல்கத்தாவில் பேராசிரியர் மஹலனோபிஸ் சிறிய துண்டுகளை அறுத்தே கணக்கெடுத்து வந்தார். சிறிய துண்டு என்றால் செலவு குறைவு. நிறைய இடங்களில் அறுக்கலாம். ஆனால் சிறிய துண்டு விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்பது சுகாத்மேயின் வாதம். சோதனைகள் செய்து 1946-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

ஏன் கூட்டிக் காட்டும்? வகுப்பில் நான் போடும் கணக்கைச் சொல்கிறேன். இரண்டடி ஆரமுள்ள வட்டம் ஒன்றை வயலில் வைத்து அறுக்கிறோம். ஓரத்தில் நிற்கும் பயிர் உள்ளேயா வெளியேயா என்று சந்தேகம் வந்தால் அறுக்கிறவர் கை அதை உள்ளேதான் சேர்க்கும். சுற்றிலும் ஒரே ஒரு அங்குலம் இப்படிச் சேர்ந்துபோனால் போதும், பரப்பு எட்டரை சதவீதம் கூடிவிடும். அதே ஒரு அங்குலம் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரத்தில் சேர்ந்தால் இரண்டு சதவீதம்தான் கூடும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் திருடவில்லை. ஆனாலும் நாட்டுக் கணக்கில் இல்லாத நெல் ஏறிவிடுகிறது. உணவுப் பற்றாக்குறை உள்ள காலத்தில், இல்லாத நெல்லை இருப்பதாக நம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நன்றாகப் பழக்கிய ஆட்கள் அறுத்தால் சிறிய துண்டிலும் தவறு குறையும் என்பது மஹலனோபிஸ் தரப்பு. அதிலும் நியாயம் உண்டு. ஆனால் நாடு முழுக்க அறுக்கப்போவது வருவாய்த் துறை, வேளாண் துறை ஊழியர்கள். எனவே பெரிய துண்டே நிலைத்தது. தமிழ்நாட்டில் நெல்லுக்கு இன்றும் ஐந்துக்கு ஐந்து மீட்டர்தான்.

இந்த அறுவடைச் சோதனைக்கு முப்பது வருஷம் கழித்து இன்னொரு வேலை வந்தது. அதைக் கொடுத்தவர் தாண்டேகர். பயிர்க் காப்பீடு இந்தியாவில் நடக்காது என்று பலரும் கைவிட்டிருந்த நேரம். ஒவ்வொரு விவசாயியின் நஷ்டத்தையும் தனித்தனியே அளப்பது யாரால் முடியும்? 1976-ல் தாண்டேகர் ஒரு வழி சொன்னார். தனி வயலை அளக்க வேண்டாம். ஒரு வட்டாரத்தின் சராசரி விளைச்சலை அறுவடைச் சோதனையால் அளப்போம். சராசரி ஒரு அளவுக்குக் கீழே போனால் அந்த வட்டாரத்தில் காப்பீடு செய்த எல்லோருக்கும் இழப்பீடு. வட்டாரம் காய்ந்தால் வயலும் காய்ந்திருக்கும் என்ற ஒட்டுறவுதான் இதன் அஸ்திவாரம். 1979-ல் சோதனை முயற்சி, 1985-ல் விரிவான பயிர்க் காப்பீடு, 1999-ல் தேசியத் திட்டம், 2016-ல் பிரதமரின் பயிர்க் காப்பீடு. எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த யோசனைதான்.

ஒட்டுறவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒன்று ஆகிவிடாது. மன்னார்குடிப் பக்கம் என் தம்பிக்கு நாலு ஏக்கர். ஒரு வருஷம் வடிகால் அடைத்து அவன் வயல் மட்டும் பத்து நாள் தண்ணீரில் நின்று அழுகிப்போனது. கிராமத்துச் சராசரி நன்றாக இருந்தது. அவனுக்குப் பைசா வரவில்லை. "அண்ணே, சராசரியைச் சாப்பிட முடியுமா?" என்று போனில் கேட்டான். எனக்குப் பதில் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. தனி வயலை அளக்கப் போனால் திட்டமே நடக்காது என்பதும் உண்மை. அவன் வயிற்றெரிச்சலும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியே இக்கட்டுரையின் பொருள். அந்த இடைவெளியைப் பெரிய அளவில் பார்க்க, 1971-க்குப் போக வேண்டும்.

பதினைந்து ரூபாய்

வறுமைக்கு எண் வைக்கும் முயற்சி தில்லியில் முன்பே நடந்தது. திட்டக் கமிஷனின் குழு ஒன்று 1962-ல், தலைக்கு மாதம் இருபது ரூபாயாவது வேண்டும் என்றது. ஆனால் அந்த இருபது எப்படி வந்தது என்பது தெளிவாக இல்லை. தாண்டேகரும், ஒரிசாவிலிருந்து நம்மைப்போல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த நீலகண்ட ரத்தும் எழுதிய 'இந்தியாவில் வறுமை' என்ற ஆய்வு, 1971 ஜனவரியில் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் இரண்டு பகுதியாக வந்தது. அது வழியைக் காட்டியது.

அவர்களுக்குக் கிடைத்த தரவு தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. 1950-ல் மஹலனோபிஸ் தொடங்கி வைத்தது. வீடு வீடாகப் போய், போன முப்பது நாளில் என்ன வாங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், என்ன செலவு என்று கேட்பார்கள். அரிசியும் சோளமும் பருப்பும் எத்தனை கலோரி என்பதற்கு உணவுச் சத்துப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலின் பிறப்பிடம் நம் குன்னூர் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அங்கிருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநர் அய்க்ராய்ட் 1937-ல் வெளியிட்ட சிறு நூல்தான் அந்த வரிசையில் முதல். ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது.

இப்போது ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே மாதச் செலவு. பக்கவாட்டில் நாள் ஒன்றுக்குக் கலோரி. ஒவ்வொரு செலவுப் பிரிவுக்கும் ஒரு புள்ளி. செலவு கூடக் கூடப் புள்ளிகள் மேலே ஏறும். அவற்றின் நடுவே ஓடும் கோடு சொல்வது: இவ்வளவு செலவழிக்கக்கூடிய குடும்பம் சராசரியாக இவ்வளவு சாப்பிடும். புத்தகத்தில் இதற்குத் தொடர்புப் போக்கு என்று பெயர். ஒரு மனிதனுக்கு நாளைக்கு 2250 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அந்த உயரத்தில் கோட்டைத் தொட்டு, நேரே கீழே இறங்கிச் செலவைப் படித்தால் அதுதான் வறுமைக் கோடு. தாண்டேகரும் ரத்தும் கையாண்ட வழியின் சாரம் இது.

கிராமத்தில் மாதம் தலைக்கு 15 ரூபாய், நகரத்தில் 22 ரூபாய் 50 காசு. இரண்டும் 1960-61 விலையில். அந்த வருஷத்தில் கிராம மக்களில் 40 சதவீதமும் நகர மக்களில் 50 சதவீதமும் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள் என்று ஆய்வு சொன்னது.

சுதந்திரம் கிடைத்து இருபத்துமூன்று வருஷத்துக்குப் பிறகு வந்த எண். நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் அதற்கு இருந்த சூடு இன்று சொன்னால் புரியாது. ஏழைகள் 'நிறையப் பேர்' என்று சொல்வது வேறு, பத்துக்கு நாலு பேர் என்று சொல்வது வேறு. இரண்டாவதை மறுக்க வேண்டுமானால் கணக்குப் போட்டுத்தான் மறுக்க வேண்டும். அவர்கள் சொன்ன மருந்து: கேட்பவர்களுக்கு அரசாங்கம் வேலை கொடுக்கட்டும். அடுத்த ஆண்டே, 1972-ன் வறட்சிக் காலத்தில், மகாராஷ்டிரம் வேலை உறுதித் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் பின்னால் வேறு பலர் உழைப்பும் உண்டு. 2005-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு முன்னோடி அந்தத் திட்டம்தான்.

பொங்கல் விருந்தும் திட்ட விலக்கமும்

சுகாத்மே இதற்குள் உலகம் சுற்றிவிட்டார். 1951 முதல் சுமார் இருபது ஆண்டுகள் ரோமில், ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பின் புள்ளியியல் தலைவர். உலக மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பட்டினி என்று அந்த அமைப்பின் முதல் தலைவர் பாய்ட் ஆர் சொன்ன எண் உலகமெங்கும் மேடைகளில் முழங்கிக்கொண்டிருந்தது. 1961-ல் லண்டன் ராயல் புள்ளியியல் கழகத்தில் சுகாத்மே ஒரு கட்டுரை படித்தார். கலோரி போதாமல் இருப்பவர்கள் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பேர் என்றார். சத்துக் குறையையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போகலாம் என்றும் சொன்னார். இன்று அந்த அமைப்பு ஆண்டுதோறும் உலகப் பட்டினியைக் கணக்கிடும் முறை அந்தக் கட்டுரையின் வழிவந்ததுதான்.

அவர் ஓய்வு பெற்றுப் புனே திரும்பினார். தாண்டேகர்-ரத் கோட்டைப் பார்த்தார். அவர் கேட்ட கேள்வியை நம் சங்கத்துப் பொங்கல் விருந்தை வைத்துச் சொல்கிறேன்.

விருந்தில் ஆளுக்குச் சராசரி நாலு இட்லி போனது என்று வைத்துக்கொள்வோம். மூன்று இட்லி சாப்பிட்டவர் பட்டினியா? இல்லையே! அவருக்கு மூன்றே போதும். ஆறு சாப்பிட்டவருக்கு ஆறு தேவை. வயிறு நிறைந்த கூட்டத்திலும் ஏறக்குறைய பாதிப் பேர் சராசரிக்குக் கீழேதான் இருப்பார்கள். அப்படியிருக்க, சராசரித் தேவைக்குக் கீழே இருப்பவர்களையெல்லாம் பசித்தவர் பட்டியலில் சேர்த்தால், பணக்கார ஊரிலும் பாதிப் பேர் பட்டினி என்றல்லவா வரும்?

சுகாத்மே இன்னும் ஒரு படி மேலே போனார். ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, ஒரே ஆளுக்கும் நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் உணவு மாறுகிறது. பிரிட்டிஷ் ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த ஆரோக்கியமான இளைஞர்களின் உணவை அளந்த தரவுகளை எடுத்து, இன்றைய அளவு நேற்றைய அளவோடு எப்படித் தொடர்புபடுகிறது என்று பார்த்தார். உடம்பு ஒரு எல்லைக்குள் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. குறைவாக வந்தால் சிக்கனமாகச் செலவழிக்கிறது என்பது அவர் முடிவு. ஆகவே கோட்டைச் சராசரியில் போடாதீர்கள், சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் கீழே போடுங்கள் என்றார்.

கணக்காகப் பார்ப்போம். சராசரித் தேவை 2250. பரவலுக்கு உதாரணமாகப் பதினைந்து சதவீதம் வைத்தால் ஒரு திட்ட விலக்கம் 337 கலோரி சொச்சம். இரண்டைக் கழித்தால் 1575. கோடு அவ்வளவு தூரம் இறங்கினால், கோட்டுக்குக் கீழே இருக்கும் கோடிக்கணக்கான பேர் ஒரே இரவில் மேலே வந்துவிடுவார்கள். அவர்கள் தட்டில் ஒரு பருக்கை கூடியிருக்காது.

1981-ல் தாண்டேகர் அதே 'வீக்லி'யில் நேருக்கு நேர் எழுதினார். சுகாத்மே பதில் எழுதினார். 1982-லும் தொடர்ந்தது. ஒரே ஊரில் வாழ்ந்த இரண்டு பெரியவர்கள், இருவரும் புள்ளியியல் கரை கண்டவர்கள், ஒரே மாதிரியான அட்டவணையை வைத்துக்கொண்டு இப்படி மோதினார்கள்.

தாண்டேகர் பக்கத்து நியாயத்தை நான் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்வேன். கணக்கெடுப்பில் இருப்பது தனி மனிதன் வயிறு அல்ல. ஒரு செலவுப் பிரிவில் உள்ள பெருங்கூட்டத்தின் சராசரி. ஆளுக்கு ஆள் தேவை 337 கலோரி மாறலாம். ஆனால் நூறு பேர் சராசரி அவ்வளவு மாறாது. நூறின் வர்க்கமூலம் பத்து, ஆகவே 34 கலோரிதான் மாறும். நூறு ஏழைகள் சராசரியாக 1900 கலோரி சாப்பிடுகிறார்கள் என்றால், 'தற்செயலாக நூறு பேருக்கும் சின்ன வயிறு' என்று சொல்ல முடியாது. கையில் காசில்லை என்பதே காரணம். இல்லை, அவர்கள் உடம்பு அந்த அளவுக்குப் பழகிக்கொண்டது என்று சொன்னால், எதை இழந்து பழகிக்கொண்டது என்ற கேள்வி வரும்.

விருந்துக்கே வருவோம். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர் இரண்டு இட்லி சாப்பிட்டார் என்று குறித்து வைத்திருக்கிறோம். அவருக்கு இரண்டே போதுமா, அல்லது பாத்திரம் காலியா? எண் சொல்லாது. பரிமாறியவரைக் கேட்டால்தான் தெரியும்.

எந்தப் பிழை மேல்?

சுகாத்மேயின் ஆசிரியர்கள் நெய்மனும் பியர்சனும் 1933-ல் எழுதி வைத்தது இன்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. முடிவு எடுக்கிறவன் இரண்டு வகையில் தவறலாம். வயிறு நிறைந்தவனைப் பசித்தவன் என்று சொல்வது ஒன்று; பசித்தவனை வயிறு நிறைந்தவன் என்று சொல்வது இன்னொன்று. கோட்டை இறக்கினால் முதல் பிழை குறையும், இரண்டாவது கூடும். ஏற்றினால் தலைகீழ். அதே தரவை வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துக் குறைக்க வழியில்லை.

இரண்டு திட்ட விலக்கம் கீழே போட்ட கோடு முதல் பிழையை நூற்றுக்கு இரண்டு மூன்று என்று கட்டிப்போடுகிறது. நியாயாலயத்தில் அது சரி. நிரபராதி தண்டிக்கப்படக்கூடாது, சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. ஆனால் ரேஷன் கடையில் சந்தேகத்தின் பலன் யாருக்குப் போக வேண்டும்? இந்தக் கேள்விக்கு நெய்மனிடம் சூத்திரம் இல்லை. எந்தப் பிழை அதிகம் வலிக்கும், யாருக்கு வலிக்கும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு வா, பிறகு கோடு எங்கே என்று நான் சொல்கிறேன் என்பதுதான் புள்ளியியலின் பதில்.

இந்த இடத்தில் நம் சேலத்துக்காரர் ஒருவர் வருகிறார். டாக்டர் சி. கோபாலன், 1918-ல் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், குன்னூர் ஆய்வகத்தின் வழிவந்த ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் அவரும் சுகாத்மேயும் ஒரே கட்சி. உலகமே 'புரதப் பற்றாக்குறை' என்று மாவும் பொடியும் தயாரித்துக்கொண்டிருந்தபோது, பிரச்சினை புரதத்தில் இல்லை, வயிறு நிறையச் சோறு இல்லாததுதான் என்று இருவரும் சொன்னார்கள். அது சரி என்று பின்னால் தெரிந்தது. ஆனால் 1980-களில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், ஏழைக் குழந்தைகள் 'குள்ளமானாலும் ஆரோக்கியமானவர்கள்' என்று ஒரு கொள்கையைக் கொண்டுவந்தபோது, உடம்பு பழகிக்கொள்கிறது என்ற வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கோபாலன் பார்த்தார். வளராமல் போன குழந்தையைப் பார்த்து, 'அது பழகிக்கொண்டது' என்று சொல்வதை அவரால் ஏற்க முடியவில்லை. கடுமையாக எதிர்த்து எழுதினார். 2019-ல், நூறு வயதைக் கடந்து மறைந்தார்.

சுகாத்மேயை ஏழைகளின் விரோதி என்று நினைத்துவிட்டால் அது பெரிய தவறு. அவர் சொன்னதில் இன்னொரு பாதி உண்டு. உள்ளே போகிற சோறு மட்டும் கணக்கல்ல, உடம்பில் எவ்வளவு தங்குகிறது என்பதே கணக்கு. கெட்ட தண்ணீரும் கழிப்பறை இல்லாத ஊரும் குழந்தையை அடிக்கடி வயிற்றுப்போக்கில் தள்ளினால், ஊட்டிய சத்து ஓட்டைப் பானையில் ஊற்றிய நீர். ஆகவே நல்ல தண்ணீரும் சுகாதாரமும் கொடுங்கள் என்று புனேயில் இருந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று குழந்தைகளின் உயரத்தையும் கழிப்பறையையும் சேர்த்துப் பேசாத ஆய்வாளர் குறைவு.

கோடு ஓயவில்லை

தில்லி வேறு வழியில் போனது. 1979-ல் திட்டக் கமிஷன் கிராமத்துக்கு 2400, நகரத்துக்கு 2100 கலோரி என்று வைத்துப் புதுக் கோடு போட்டது. 2009-ல் டெண்டுல்கர் குழு கலோரியிலிருந்து விலகியது. 2014-ல் அரியலூரில் பிறந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு இன்னொரு கோடு போட்டது. 2011-12-ம் ஆண்டுக்கு டெண்டுல்கர் முறைப்படி ஏழைகள் 21.9 சதவீதம், ரங்கராஜன் முறைப்படி 29.5 சதவீதம். ஒரே நாடு, ஒரே ஆண்டு. இரண்டு கோடுகளுக்கும் நடுவே நிற்பவர்கள் ஒன்பது கோடிப் பேருக்கு மேல். தமிழ்நாட்டு மக்கள்தொகையைவிட அதிகம்!

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். புனேயில் இந்த வாதம் உச்சத்தில் இருந்த அதே 1982-ல், ஜூலை 1-ந் தேதி, திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பள்ளிக்கு வந்த பிள்ளையிடம், 'உன் வீடு கோட்டுக்கு மேலேயா கீழேயா' என்று யாரும் கேட்கவில்லை. தட்டோடு உட்கார்ந்தால் சோறு. வயிறு நிறைந்த பிள்ளைக்கும் போட்டுவிடலாம், பசித்த பிள்ளை விட்டுப்போகக் கூடாது. நெய்மன் பாஷையில் சொன்னால், முதல் பிழை எவ்வளவு ஆனாலும் சரி, இரண்டாவது பிழை கூடாது என்ற முடிவு. யாரும் கிரேக்க எழுத்துப் போட்டு அந்த முடிவை எடுக்கவில்லை. ஆனால் அதன் செலவு என்ன, பலன் என்ன என்று பிறகு அறிய மறுபடியும் தராசும் நோட்டுப் புத்தகமும்தான் வேண்டியிருந்தது.

தாண்டேகர் 1995-லும் சுகாத்மே 1997-லும் காலமானார்கள். இருவரையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். சராசரி இல்லாமல் ஒரு நாட்டை நடத்த முடியாது. சராசரியை மட்டும் வைத்து ஒரு மனிதனை அறியவும் முடியாது. சுகாத்மே 'சராசரியைச் சுற்றியுள்ள பரவலைப் பார்' என்றார். தாண்டேகரின் கோடோ, அந்தப் பரவலுக்குப் பின்னால் காசில்லாதவர்களை மறைத்துவிடாதே என்று எச்சரிக்கிறது. பாடப் புத்தகத்தில் இரண்டும் அடுத்தடுத்த அத்தியாயங்கள். வெளியே வந்தால் அவற்றுக்கு நடுவில் ஒன்பது கோடிப் பேர் நிற்கிறார்கள். என் தம்பியும் நிற்கிறான்.

சென்ற தை மாதம் நம் பொங்கல் விருந்தில் அந்தப் பெண்ணையும் இன்னும் இரண்டு பையன்களையும் நோட்டுப் புத்தகத்தோடு நிறுத்தினோம். யார் எத்தனை இட்லி சாப்பிட்டார்கள் என்ற கணக்கு. சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் அழகாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அட்டவணையில் நான் சொல்லிக்கொடுக்காத ஒரு பத்தி கூடுதலாக இருந்தது. அதன் தலைப்பு: 'இன்னும் வேணுமான்னு கேட்டோம்'.

அந்தப் பத்தியைப் பார்த்துத்தான், கடைசிப் பந்திக்கு மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தோம்.